முந்திரியின் கீழே ஒரு பேரெண்

காவேரி பாயும் தஞ்சை நாட்டிலே பத்திரங்களில் ஏக்கரும் ஹெக்டேரும் எழுதப்படினும், களத்திலும் வரப்பிலும் நின்று பேசும் ஜனங்கள் இன்றும் மா என்றும் வேலி என்றுமே நிலத்தைக் குறிக்கின்றனர். இருபது மா கொண்டது ஒரு வேலி. பிற்காலத் தஞ்சை வழக்கின்படி பன்னிரண்டடிச் சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு மா. ஆகவே வேலி ஒன்றில் 2,000 குழிகள், அதாவது 2,88,000 சதுர அடி, ஏறக்குறைய 6.6 ஏக்கர் அடங்கும். சோழ மன்னர் காலத்தில் வழங்கிய அளவுகோல்கள் இதனின்றும் வேறானவை. இடத்திற்கு இடம் நீளத்தில் மாறியவை. ஆயினும், வேலியில் இருபதில் ஒரு பங்கு மா என்னும் விகிதம் மாறவில்லை. மா என்பது நில அளவின் பெயராவதோடு, இருபதில் ஒன்று என்னும் பின்னத்தின் பெயராகவும் இருப்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாராமல் ஒப்பித்துவந்த எண்சுவடியில் இப்பின்னங்கள் யாவும் ஒழுங்காக வைக்கப்பட்டுள்ளன. அரை, கால், அரைக்கால் என்று ஒன்றைப் பாதி பாதியாக்கிச் செல்வது ஒரு வரிசை. இருபதில் ஒன்றாகிய மாவை எடுத்து, அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி என்று மீண்டும் பாதி பாதியாக்குவது மற்றொரு வரிசை. காணி 80-இல் ஒன்று. அரைக்காணி 160-இல் ஒன்று. முந்திரி 320-இல் ஒன்று. இவ்விரு வரிசைகளும் ஓரிடத்தில் சந்திப்பதுண்டு. ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் 16-இல் ஒன்று ஆகும். மாகாணி என்னும் பெயரே அக்கூட்டலைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அதனையே வீசம் என்றும் வழங்குவர்.

இத்தனை பின்னங்களுக்கும் 320 என்னும் ஓரெண் அடியில் இருந்து இடங்கொடுக்கிறது. 320-ஐப் பகுத்துக்கொண்டே போனால் ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்துமாக முடியும். இரண்டும் ஐந்தும் மேலும் பகுபடா. அத்தகையவற்றைப் பகா எண் என்பர். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை என்பதை, அதன் பகா எண்களைக் கொண்டே எளிதில் அறியலாம். 320-இன் வகுக்கும் எண் ஒன்றை ஆக்குவதற்கு, ஆறு இரண்டுகளில் ஒன்றையும் எடாமலோ, ஒன்று முதல் ஆறு வரையிலோ எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஏழு வழிகள். ஐந்தை எடுக்கலாம், அன்றி விடலாம்; அதற்கு இரண்டு வழிகள். ஏழும் இரண்டும் பெருக்கப் பதினான்கு. 1, 2, 4, 5, 8, 10, 16, 20, 32, 40, 64, 80, 160, 320 என்பனவே அப்பதினான்கும். இவற்றுள் ஒன்றேனும் பேரில்லாமல் இல்லை. ஐந்தில் ஒன்று நாலு மா. பத்தில் ஒன்று இருமா. 32-இல் ஒன்று அரைவீசம். 64-இல் ஒன்று கால்வீசம். கணக்கு எழுதியவர்கள் வகுக்கும் எண் என்னும் சொல்லை அறிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், 320-இன் வகுக்கும் எண்கள் அனைத்திற்கும் பெயரிட்டு வைத்தனர் என்பது தெளிவு.

முந்திரி வரையிலுள்ள பின்னங்களுக்கு மேல்வாயிலக்கம் என்றும், அதனின் சிறியவற்றிற்குக் கீழ்வாயிலக்கம் என்றும் பெயர். கீழ்வாயிலக்கத்தின் உபாயம் மிக எளியது. ஒரு முந்திரியையே முழு ஒன்றாகப் பாவித்து, அதற்குக் கீழரை, கீழ்க்கால், கீழ்மா, கீழ்க்காணி, கீழ்முந்திரி என்று பழைய பெயர்களையே மறுபடியும் சூட்டிவிடுவது. புதிய வாய்பாடு வேண்டுவதில்லை. முன்னே படித்த வாய்பாடே போதும். கீழ்முந்திரி என்பது 320-இல் ஒன்றின் 320-இல் ஒன்று. அதாவது 1,02,400-இல் ஒன்று. அதனையும் முழு ஒன்றாக்கி மேலும் ஒரு படி இறங்கினால் 3,27,68,000-இல் ஒன்று. நான்காவது படியில் 10,48,57,60,000-இல் ஒன்று. அந்த நான்காம் படியில் நின்று நாலு மா, அதாவது ஐந்தில் ஒன்று, எடுத்தால் வரும் பின்னம் 52,42,88,00,000-இல் ஒன்றாகும். ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே எண்பத்தெட்டு லட்சம் என்று அதனை வாசித்தல் வேண்டும்.

இது பொழுதுபோக்குக்காகப் பெருக்கிப் பார்த்த எண் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களைச் சார்ந்தது. முதலாம் ராஜராஜ சோழன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். 1001-ஆம் ஆண்டையொட்டி அவன் தன் நாட்டு நிலங்களை அளப்பித்தான். அப்பணியை நடத்தியவர்க்கு உலகளந்தான் என்னும் பட்டம் வழங்கிற்று. 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரிய கோயிலுக்கு அவன் விட்ட ஊர்களின் விஸ்தீரணமும், அவற்றில் இறை செலுத்தாத ஊர்நத்தம், குளம், வாய்க்கால் முதலியவற்றைக் கழித்து நின்ற நிலமும், அந்நிலத்திற்குரிய நெல்லும் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. நில அளவைகள் வேலி, மா, காணி, முந்திரிகை என்று தொடங்கி, கீழ், கீழ் என்று படிப்படியாக இறங்குகின்றன. வேலியின் 52,42,88,00,000-இல் ஒரு கூறு வரையில் நிலம் கணக்கிடப்பட்டு இறை விதிக்கப்பட்டதாகக் கல்வெட்டாராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினர். அதுமுதல் இச்செய்தி சோழர் ஆட்சித் திறத்தைப் புகழ்வோர் அனைவராலும் கூறப்பட்டு வருகிறது.

புகழ்ச்சி தகுதியானதே. எனினும், எதற்குப் புகழ்ச்சி என்பதைச் சற்று நிதானித்து அறிதல் நலம். மேற்சொன்ன பிற்கால அளவைக் கொண்டு பார்த்தால், வேலியில் அத்தனை கோடியில் ஒரு கூறு என்பது ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு கிடக்கும் இடத்திலும் குறைவு. சோழர் காலத்துக் கோல் சற்று நீண்டதாயினும் குறுகியதாயினும் முடிவு வேறாகாது. கோலும் கயிறும் கொண்டு சேற்று நிலத்தை அளந்த எவரும் கடுகளவை அளந்திருக்க இயலாது. ஒரு மழை பெய்தால் வரப்பே ஒரு விரற்கடை நகர்ந்துவிடும். ஆகவே இவ்வெண் நிலத்தில் அளந்து கண்டதன்று. பலகையில் பெருக்கியும் வகுத்தும் கண்டது. நீளத்தில் ஒரு பின்னமும் அகலத்தில் ஒரு பின்னமும் இருந்து, இரண்டையும் பெருக்கினால் அடியிலுள்ள எண்கள் பெருகிவிடும். அவ்வாறு பெருகி வந்த மீதியைத் தள்ளிவிடாமல், கடைசிக் கீழ் வரையில் எழுதி வைத்ததே அக்கணக்கரின் சிறப்பு. மீதியைத் தள்ளுவதற்குத் தமக்கு அதிகாரம் இல்லை என்று அவர்கள் கருதினர் போலும்.

இதன் சிறுமையை நெல்லாலும் அளந்து பார்க்கலாம். பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வேலி ஒன்றுக்கு ஏறக்குறைய நூறு கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது. மரக்கால் என்பது குறுணி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். எனவே வேலிக்கு 9,600 நாழி. பழங்கணக்கு நூல்கள் 360 நெல்மணிகளை ஒரு செவிடு என்றும், ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு என்றும், எட்டு ஆழாக்கு ஒரு நாழி என்றும் கூறும். அதாவது நாழிக்கு 14,400 நெல். இவற்றைப் பெருக்கினால் வேலி ஒன்றின் இறை 13,82,40,000 நெல்மணிகளாகும். 52,42,88,00,000-ஐ இதனால் வகுத்தால் ஈவு 379-க்குச் சற்று மேல். மேற்கூறிய கூறுகளில் முந்நூற்றெழுபத்தொன்பதுக்கு மேல் ஒன்று சேர்ந்தால்தான் அரசனுக்கு ஒற்றை நெல்மணி கடனாகும்.

இனி அவ்வெண்ணின் இயல்பைக் காண்போம். 320-ஐ நான்கு முறை பெருக்கி ஐந்தாலும் பெருக்கியது ஆதலின், அதில் 24 இரண்டுகளும் 5 ஐந்துகளும் உள்ளன. வேறு பகா எண் ஒன்றும் இல்லை. ஓர் இரண்டும் ஓர் ஐந்தும் சேர்ந்தால் பத்து. ஐந்து ஐந்துகளும் ஐந்து இரண்டுகளோடு சேர்ந்து கடைசியில் ஐந்து பூஜ்யங்களாக நிற்கின்றன. எஞ்சிய பத்தொன்பது இரண்டுகள் பெருகி 5,24,288 ஆகின்றன. நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருப்பதை இந்நாட்டார் அறிவர். சதுரங்கப் பலகையில் முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்து வைக்கும் கதையும் பலர் கேட்டதே. அவ்வாறு வைத்துச் சென்றால் இருபதாவது கட்டத்தில் விழும் நெல்லின் தொகை இந்த 5,24,288-தான். அதற்குப் பின்னே ஐந்து பூஜ்யங்களை இட்டால் சோழர் கணக்கின் பேரெண் வந்துவிடும்.

இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை? இரண்டுகளை எடுப்பதற்கு 25 வழிகள், ஐந்துகளை எடுப்பதற்கு 6 வழிகள், ஆக 150. கணித சாஸ்திரிகள் எண்களை வகுக்கும் மற்றொரு முறையும் உண்டு. ஓர் எண்ணைத் தவிர்த்து, அதனை வகுக்கும் மற்ற எண்களை எல்லாம் கூட்டினால் அவ்வெண்ணே வருமாயின் அது நிறை எண். ஆறு அத்தகையது, ஏனெனில் ஒன்றும் இரண்டும் மூன்றும் கூட்ட ஆறு. குறைந்தால் குறை எண். மிகுந்தால் மிகை எண். 320-இன் வகுக்கும் எண்களை 160 வரையில் கூட்டினால் 442. ஆதலின் 320 மிகை எண். பேரெண்ணுக்கு அக்கூட்டல் 78,63,48,07,486 ஆகிறது; அதுவும் மிகை எண்ணே. சதுரமாக அடுக்க முடியுமோ எனின், முடியாது. இரண்டுகள் இருபத்துநான்கும் இணை இணையாகப் பிரியும். ஐந்துகளில் ஒன்று தனித்து நிற்கும். ஐந்தால் ஒரு முறை பெருக்கினால் மட்டும் 5,12,000-இன் சதுரமாகிவிடும். தன்னில் உள்ள ஒவ்வொரு பகா எண்ணும் இரண்டு முறையேனும் வரப்பெற்றும், சதுரமோ கனமோ வேறெந்த முழு அடுக்கோ ஆகாத எண்களுக்குக் கிரேக்க வீரன் அக்கிலீஸின் பெயரை இக்காலத்தார் இட்டுள்ளனர். பலமெல்லாம் இருந்தும் குதிகாலில் ஒரு குறையுடையவன் அவன். நம் பேரெண்ணும் அந்த இனத்தைச் சேர்ந்தது.

இவற்றையெல்லாம்விடக் குடியானவனுக்கு முக்கியமான குறை வேறொன்று. 52,42,88,00,000-இன் இலக்கங்களைக் கூட்டினால் 29; 29-இன் இலக்கங்களைக் கூட்டினால் 11; மீண்டும் கூட்டினால் 2. இலக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டாலன்றி எண்ணும் மூன்றால் வகுபடாது. ஆகவே வகுக்கும் எண்கள் நூற்றைம்பது இருந்தும், அவற்றுள் மூன்று இல்லை. ஆறு, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு ஆகியவையும் இல்லை. 320-இல் இல்லாத பகா எண், 320-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் வந்துவிடாது.

மூன்று சகோதரர்களுக்கு ஒரு வேலி நிலம் பாகமாகிறது என்க. வேலிக்கு 320 முந்திரி. ஆளுக்கு 106 முந்திரி கொடுத்தால் 318 தீரும். இரண்டு முந்திரி மிஞ்சும். முந்திரி என்றவுடன் அற்பம் என்று நினைத்தல் பிசகு. 2,000 குழியில் 320-இல் ஒன்று 6¼ குழி; இரண்டு முந்திரி 12½ குழி, அதாவது 1,800 சதுர அடி, ஏறக்குறைய நான்கு சென்ட். ஒரு வீடு கட்டிக் கொல்லையும் விடலாம். அதைக் கணக்குப்பிள்ளை ஒருவர் பங்கில் ஒட்டி எழுதிவிட்டால், மற்ற இருவரும் தத்தம் 106 முந்திரியைச் சரிபார்த்துத் திருப்தியடைந்து கையொப்பமிட்டுவிடக் கூடும். அவரவர் பங்கை மட்டும் பார்ப்பவர்க்கு மீதி தென்படாது. மூன்று பங்கையும் கூட்டிப் பார்ப்பவர்க்கே தென்படும்.

மிஞ்சிய இரண்டு முந்திரியை 640 கீழ்முந்திரியாக்கினால், ஆளுக்கு 213 போக ஒரு கீழ்முந்திரி நிற்கும். அது மூன்று சதுர அடிக்கும் குறைவு. அதனையும் 320 ஆக்கினால் ஆளுக்கு 106 போக மறுபடியும் இரண்டு. அடுத்த படியில் மறுபடியும் ஒன்று. இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று என்று எத்தனை கீழ் இறங்கினாலும் மீதி ஓயாது. பேரெண்ணின் அடி வரை சென்றாலும் இரண்டு கூறுகள் எவர்க்கும் உரியனவாகாமல் நிற்கும். நிலத்தின் மேல் அது கடுகளவுதான். கணக்கின் மேல் அது தீராத மீதி.

ஆனால் அந்நிலத்தில் விளைந்த நெல்லுக்கு இத்தொல்லை இல்லை. இங்குத்தான் பழைய அளவைகளை வகுத்தவர்களின் யூகம் வெளிப்படுகிறது. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். இரண்டு இரண்டாக ஏறி வந்த வாய்பாடு, கலத்தின் வாயிலில் மட்டும் மூன்றாகிறது. இதனால் கலத்தில் 96 நாழியும் 3,840 செவிடும் அடங்குகின்றன. 3,840 என்பது எட்டு இரண்டுகளும் ஒரு மூன்றும் ஓர் ஐந்தும் கொண்டது. அதனை வகுக்கும் எண்கள் 36. நிலத்தை மூன்றாக்க முடியாமல் நின்ற அதே சகோதரர்கள், நிலத்தைப் பொதுவில் வைத்து விளைவைப் பகிர்ந்தால், கலத்துக்கு ஒரு தூணி வீதம் ஒரு நெல்மணியும் மிஞ்சாமல் எடுத்துக்கொள்ளலாம். ஆறு பேராயினும் ஆளுக்கு ஒரு பதக்கு. பன்னிரண்டு பேராயினும் ஆளுக்கு ஒரு குறுணி. வெட்டிப் பிரிக்கும் நிலத்துக்கு ஓரெண்ணும், அளந்து பகிரும் நெல்லுக்கு வேறோரெண்ணுமாகப் பழக்கம் அமைந்திருப்பதைப் பார்க்குமிடத்து, இரண்டும் ஒருவர் கையால் ஒரு நாளில் அமைந்தவை அல்லவென்பதும், ஒவ்வொன்றும் தன் தன் களத்தில் தேய்ந்து உருப்பெற்றது என்பதும் புலனாகும்.

கீழ்வாயிலக்கத்திலும் மூன்று இல்லாத குறையைக் கணக்கர்கள் உணராமல் இல்லை. கணக்கதிகாரம் முதலிய நூல்களின் வழக்கில், கீழ்முந்திரிக்குக் கீழே வேறோர் ஏணி இறங்குகிறது. அதில் முதற்படி இம்மி. கீழ்முந்திரியை இருபத்தொரு கூறாக்கினால் ஒரு கூறு இம்மி; அதாவது 21,50,400-இல் ஒன்று. இருபத்தொன்று என்பது மூன்றும் ஏழும். இம்மியளவும் என்று பேச்சில் வழங்குவோர் பலர். அவ்விம்மிக்குள் மூன்றும் ஏழும் முதன்முதலாகப் புகுந்தன என்பதை அறிந்தோர் சிலர். இம்மியில் பதினொன்றில் ஒன்று மும்மி. அதில் ஏழில் ஒன்று அணு. அதில் ஒன்பதில் ஒன்று குணம். அதில் ஐந்தில் ஒன்று பந்தம். அதில் ஆறில் ஒன்று பாகம். பாகம் என்பது 44,70,68,16,000-இல் ஒன்றாகும். பெரிய கோயிற் பேரெண்ணைக் காட்டிலும் இது சற்றுச் சிறியது. ஆனால் இதில் பதின்மூன்று இரண்டுகள், நான்கு மூன்றுகள், மூன்று ஐந்துகள், இரண்டு ஏழுகள், ஒரு பதினொன்று உள்ளன. வகுக்கும் எண்கள் 14, 5, 4, 3, 2 ஆகியவற்றின் பெருக்கமாகிய 1,680. நூற்றைம்பது எங்கே, ஆயிரத்து அறுநூற்றெண்பது எங்கே! கூடவே ஒரு நஷ்டமும் உண்டு. கீழ், கீழ் என்று பழைய வாய்பாட்டையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் எளிமை போய்விட்டது. ஒவ்வொரு படிக்கும் புதுப் பெயர், புது வாய்பாடு. கோயிற் கணக்கர் மூன்றை விட்டுக் கொடுத்து எளிமையை வைத்துக்கொண்டனர்; நூல் செய்தவர் எளிமையை விட்டுக் கொடுத்து மூன்றைப் பெற்றனர்.

ஓரெண் தன் அளவுக்கு எத்தனை வகுக்கும் எண்களைப் பெறக்கூடும் என்பதை முடிவாக ஆராய்ந்தவர் இந்நாட்டாரே. கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்து, அந்நகரத்து டவுன் ஹைஸ்கூலில் பயின்ற ஸ்ரீநிவாச ராமாநுஜம் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் பிறந்தவர். தந்தையார் ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற ராமாநுஜம், 1915-இல் லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில், தனக்குக் குறைந்த எந்த எண்ணைக் காட்டிலும் அதிகமான வகுக்கும் எண்களையுடைய எண்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1916-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்குப் பட்டம் அளித்தது இந்த ஆராய்ச்சிக்கே. 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று இவ்வெண்கள் தொடங்கும். நாழிகைக்கு அறுபது விநாடி என்று பழையோர் கொண்டதும், டஜனுக்குப் பன்னிரண்டு என்று வியாபாரிகள் கொண்டதும் இவ்வரிசையில் இருப்பது தற்செயல் அன்று.

இவ்வினத்து எண்களின் அமைப்பு எதுவென்பதை அவர் காட்டினார். இரண்டில் தொடங்கி, இடையில் எந்தப் பகா எண்ணையும் விடாமல் வரிசையாகச் சேர்த்தல் வேண்டும். சிறிய பகா எண்ணைவிடப் பெரியது அதிக முறை வரலாகாது. 24 இரண்டுகளை அடுக்கிவிட்டு மூன்றை முற்றிலும் விட்ட எண், இந்த விதிக்கு நேர்மாறு. பெரிய கோயிற் பேரெண்ணுக்குக் கீழே, அதற்கு மிக அண்மையில் நிற்கும் ராமாநுஜ இனத்து எண் 48,88,64,37,600 ஆகும். அதில் ஐந்து இரண்டுகள், மூன்று மூன்றுகள், இரண்டு ஐந்துகள், இரண்டு ஏழுகள், பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. வகுக்கும் எண்கள் 3,456. ஒரே பருமனுள்ள மூன்று எண்களில் ஒன்றுக்கு 150, ஒன்றுக்கு 1,680, ஒன்றுக்கு 3,456. எண்ணின் பெருமை அதன் நீளத்தில் இல்லையென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கட்டுரையில் ராமாநுஜம் இத்தகைய எண்கள் 102-ஐ அட்டவணையாகத் தந்தார். கடைசி எண் 67,46,32,83,88,800. அதனை வகுக்கும் எண்கள் 10,080. அட்டவணை முழுவதும் இயந்திர உதவியின்றிக் கையால் போட்டது. பிற்காலத்தார் அதைச் சரிபார்த்தபோது ஓரெண் விடுபட்டிருக்கக் கண்டனர். 5,040 எண்களால் வகுபடும் 2,93,31,86,25,600 என்பதே அது. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் வந்துவிடும் என்பது ஒரு விநோதம். ராமாநுஜம் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னையில் காலமானார். அவருடைய ஏட்டிலும் ஒரு வரி விடுபடக்கூடுமென்றால், ஊர்க் கணக்குகளைக் கூட்டிப் பார்ப்பதில் எவரும் மனம் வருந்த நியாயமில்லை.

ஐக்கிய சங்கத்தின் அங்கத்தினர்க்கு வேலியும் இம்மியும் எப்போதாவது வருபவை. ரூபாய் எப்போதும் வருவது. பழைய ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. ஆக 192 பை. 192 என்பது ஆறு இரண்டுகளும் ஒரு மூன்றும். 320-இலோ ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும். இரண்டுக்கும் வகுக்கும் எண்கள் பதினான்கே. ஒன்று மூன்றை ஏற்கும், மற்றது ஐந்தை ஏற்கும். ஆகவே நூறு ரூபாயை மூவர்க்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 33 ரூபாய் 5 அணா 4 பை, மீதியில்லை. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு பைசா என்று ஆயிற்று. நூறில் இரண்டு இரண்டுகளும் இரண்டு ஐந்துகளும் மட்டுமே. வகுக்கும் எண்கள் ஒன்பது. மூன்று மட்டுமன்றி எட்டும் போயிற்று. எழுதுவதற்கும் கூட்டுவதற்கும் தசாம்ச முறை எளிதென்பதில் ஐயமில்லை. பகிர்வதற்குத்தான் அது கடினம்.

ஓர் உதாரணம் போதும். சங்கமொன்றின் நிகர லாபம் 1,000 ரூபாய் என்க. 1912-ஆம் ஆண்டின் ஐக்கிய சங்கச் சட்டம், லாபத்தைப் பகிர்வதற்கு முன் அதில் நாலில் ஒரு பங்கையேனும் சேமநிதியில் சேர்க்குமாறு விதித்தது. அவ்வாறு கால்பங்காகிய 250 ரூபாயை ஒதுக்கினால் 750 நிற்கும். சங்கத்தில் 240 பங்குகள் இருப்பின், பங்கு ஒன்றுக்கு மூன்று ரூபாயும் ஒரு ரூபாயில் அரைக்காலும். பழைய நாணயத்தில் இது 3 ரூபாய் 2 அணா. ஒரு பையும் மிஞ்சாது. இப்போதைய நாணயத்தில் 3 ரூபாய் 12½ பைசா. அரைப் பைசா கொடுக்க நாணயமில்லை. ஆதலின் 3 ரூபாய் 12 பைசா கொடுக்கப்படும். அங்கத்தினர் எவர்க்கும் அரைப் பைசாவைக் குறித்துக் கவலையில்லை. 240 அரைப் பைசாக்கள் சேர்ந்து 1 ரூபாய் 20 பைசா ஆகின்றன. பங்குகள் பத்து மடங்காகவும் லாபம் பத்து மடங்காகவும் வளர்ந்த சங்கத்தில் அதுவே 12 ரூபாய். லாபப் பங்கு வினியோகித்த ஆண்டின் வரவு செலவுக் கணக்கில் இத்தொகை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசென்றதாகவோ, சேமநிதியில் சேர்த்ததாகவோ, ஒரு தலைப்பின்கீழ் ஒரு வரியாக நிற்கும். பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும்போது, 750-இலிருந்து வினியோகித்த 748 ரூபாய் 80 பைசாவைக் கழித்து, அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரு நிமிஷம் பிடிக்கும்.